பைதானுக்குத் தனிக்குடித்தனம்: டெஸ்க்டாப் டூலோடு ரன்டைமைச் சேர்த்து அனுப்பும் முழுமையான வழிகாட்டி

"பைதான் எல்லார் கணினியிலும் இருக்கும்தானே, அதையே கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்ற நினைப்பில் தொடங்கும் டெவலப்பர் டூல், முதல் வெளியீட்டிலேயே அடிவாங்கும். விண்டோஸ் 10, 11-இல் பைதான் நிறுவாத கணினியிலும் அந்தப் பெயரில் ஒரு கட்டளை இருக்கும். அதை ஓட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்தான் திறக்கும். மேக்ஓஎஸ் 12.3 வெளியான 2022-இல் பழைய பைதான் 2.7 நீக்கப்பட்டது. இப்போது அங்கே இருக்கும் பைதான்3, டெவலப்பர் டூல்ஸ் நிறுவாத கணினியில் "எக்ஸ்கோட் கமாண்ட் லைன் டூல்ஸை நிறுவட்டுமா" என்று கேட்கும் வெறும் வாசல்காரன். டெபியன் 12-இலும் புதிய உபுண்டுகளிலும் பைதான் உண்டு, ஆனால் பேக்கேஜ் நிறுவும் கருவியான பிப் கொண்டு அதில் எதையும் நிறுவ முயன்றால் "இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று மறுத்துவிடும்.

ஆகவே சொந்தமாக ஒரு பைதான் ரன்டைமை, அதாவது நிரலை ஓட்டும் பைதானையும் அதன் லைப்ரரிகளையும், கட்டி அனுப்ப வேண்டியதுதான். ஜிப்பை விரித்து டூலின் ஃபோல்டரில் போடுவது அரைநாள் வேலை. மீதிப் பாடு முழுக்க ஒன்றே ஒன்று: பயனரின் பைதான் நம் பைதானுக்குள் நுழையக்கூடாது, நம் பைதான் பயனரின் வேலைக்குள் கசியக்கூடாது. எழுதுவது எடிட்டரோ டிபக்கரோ, உங்கள் பயனர்களில் பலர் பைதான் நிரலாளர்கள் என்பதால் இரண்டு கசிவும் நிச்சயம் நடக்கும்.

இங்கே சொல்வது பைதானின் வழக்கமான வடிவமான சீபைதான் 3.12-ஐ எடுத்துக்காட்டாகக் கொண்டது. டூலுக்குத் தேவை சில அமைப்புக் கோப்புகளும் குறுக்குவிசைகளும் மட்டும் என்றால் லுவா என்ற சின்ன மொழி போதும். சில நூறு கேபி, ஒரு லைப்ரரி, முடிந்தது கதை. பைதானின் பேக்கேஜ் உலகம் வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

படி 1: உள்ளே பொதிப்பதா, தனிப் பிராசஸா

முதல் வழியில் பைதானின் டிஎல்எல்லை (பகிர்வு லைப்ரரிக் கோப்பை) உங்கள் பிராசஸுக்குள்ளேயே ஏற்றி, சி மொழி இடைமுகமான சி ஏபிஐ வழியாக ஓட்டுகிறீர்கள். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரும் டிபக்கரான ஜிடிபியும் இப்படித்தான் செய்கின்றன. ஸ்கிரிப்ட் டூலின் உள் தரவைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் இதற்கு மாற்று இல்லை. இரண்டாவது வழியில் பைதான் தனிப் பிராசஸாக ஓடும், பிராசஸ்களை இணைக்கும் பைப் வழியாக ஜேசன் வடிவச் செய்திகள் போய்வரும். சப்ளைம் டெக்ஸ்ட் எடிட்டர் தன் செருகுநிரல்களைத் தனி ஹோஸ்ட் பிராசஸில்தான் வைத்திருக்கிறது. அதன் 4-ஆம் பதிப்பு 2021-இல் வந்தபோது பைதான் 3.3-க்கு ஒன்று, 3.8-க்கு ஒன்று என இரண்டு ஹோஸ்ட்கள் இருந்தன. பழைய செருகுநிரல்களை உடைக்காமல் புதிய பைதானுக்கு மாற அந்தப் பிரிப்புதான் கைகொடுத்தது.

பொதிப்பதற்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். யாரோ எழுதிய சி எக்ஸ்டென்ஷன் ஒன்று நினைவகத்தில் தடுக்கி விழுந்தால் பயனர் சேமிக்காத கோப்புகளோடு டூலும் சேர்ந்து விழும். பைதானை நிறுத்திவிட்டு அதே பிராசஸில் மறுபடி தொடங்குவது நம்பகமானதல்ல, நம்பை (எண்கணிப்பு) போன்ற லைப்ரரிகள் அதைத் தாங்காது. டூல் தன் பங்குக்கு ஓர் ஓபன்எஸ்எஸ்எல்லோ எஸ்க்யூலைட்டோ ஏற்றியிருந்தால், அதே பெயரில் பைதான் கொண்டுவரும் டிஎல்எல்லோடு மோதும். இன்னொன்று வேடிக்கையானது: பொதித்த பைதானில் 'சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்' உங்கள் டூலின் எக்ஸ்இயையே காட்டலாம். ஒரு ஸ்கிரிப்ட் மல்டிபிராசஸிங்கைத் தொட்டதும் எடிட்டர் ஜன்னல்கள் எட்டு, பத்து என முளைக்கும். பொதித்தே ஆக வேண்டும் என்றால் மல்டிபிராசஸிங்குக்குச் சரியான பைதான் எக்ஸ்இயை 'செட் எக்ஸிக்யூட்டபிள்' மூலம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடக்கத்துக்கு 3.8-இல் வந்த தனிமை அமைப்பை, அதாவது பைகான்ஃபிக்கின் ஐசொலேட்டட் வடிவத்தை, பயன்படுத்துங்கள். பழைய 'செட் பைதான்ஹோம்' வகைச் செயற்கூறுகள் 3.11 முதல் கைவிடப்படும் பட்டியலில் உள்ளன.

டெவலப்பர் டூல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிப் பிராசஸே சரி. இனி வருவது அந்த வழிக்கானது.

படி 2: எந்தப் பதிப்பு, யாருடைய பில்ட்

3.9 முதல் பைதானின் ஒவ்வொரு 3.எக்ஸ் பதிப்பும் அக்டோபரில் வெளியாகி 5 ஆண்டு ஆதரவு பெறும். 3.12-க்கு 2028 அக்டோபர் வரை. ஆனால் அந்த 5 ஆண்டும் ஒரே மாதிரி அல்ல. தொடக்கக் காலத்துப் பிழைதிருத்த வெளியீடுகளுக்குத்தான் பைதான் தளம் விண்டோஸ், மேக் பைனரிகளைத் தரும். அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மூலநிரலாக மட்டுமே வரும். 3.12 வரிசையில் அப்படிப் பைனரி கிடைத்த கடைசி வெளியீடு 3.12.10, 2025 ஏப்ரலில். எனவே அதிகாரப்பூர்வ விண்டோஸ் ஜிப்பை நம்பி நீண்டகாலத் திட்டம் போட்டால், பாதி வழியில் நீங்களே கம்பைல் செய்ய வேண்டி வரும்.

நடைமுறையில் இரண்டு மூலங்கள்.

விண்டோஸுக்கு மட்டும் அனுப்புவதானால் பைதான் தளத்தின் 'எம்பெடபிள்' ஜிப். 3.5 முதல் கிடைக்கிறது, 3.12-க்குச் சுமார் 11 எம்பி. ஸ்டாண்டர்ட் லைப்ரரி முழுவதும் பைட்கோடாக (முன்கூட்டிக் கம்பைல் ஆன வடிவில்) ஒரு ஜிப்புக்குள் இருக்கும். பிப், டிகின்டர் (ஜன்னல் வரையும் லைப்ரரி), வென்வ் (தனிப் பைதான் சூழல் உருவாக்குவது) எதுவும் இருக்காது.

மூன்று இயங்குதளங்களுக்கும் என்றால் 'பைதான்-பில்ட்-ஸ்டாண்டலோன்'. கிரெகரி ஸார்க் தொடங்கிய இந்தத் திட்டத்தை 2024 டிசம்பரில் ஆஸ்ட்ரல் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவர்களின் பேக்கேஜ் கருவியான யூவி இறக்கித் தரும் பைதான் இதுதான். எந்த ஃபோல்டரில் வைத்தாலும் ஓடும்படி கட்டியிருக்கிறார்கள், பாதுகாப்பு வெளியீடுகளுக்கும் பைனரி தருகிறார்கள். பல வகைகள் இருக்கும், 'இன்ஸ்டால்-ஒன்லி-ஸ்ட்ரிப்ட்' என்பதை எடுங்கள். 'எக்ஸ்86-64' என்பதன் பின்னால் வி2, வி3, வி4 என்று இருப்பவற்றைத் தொடாதீர்கள். வி3 என்றால் ஏவிஎக்ஸ்2 உள்ள செயலி வேண்டும், பழைய மடிக்கணினியில் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று செத்துவிடும். லினக்ஸ் பில்ட், அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.17 வரை கீழே இறங்கும், அதாவது சென்ட்ஓஎஸ் 7 காலம். மசில் என்ற வேறு சி லைப்ரரியைப் பயன்படுத்தும் ஆல்பைன் லினக்ஸுக்குத் தனி பில்ட். 3.13 முதல் கிடைக்கும் ஃப்ரீ-திரெடட் வகையும் வேண்டாம், அதற்கான வீல்களே (தயார்நிலைப் பேக்கேஜ் கோப்புகளே) வேறு.

இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்றது) பில்ட் ஸ்கிரிப்டில் எழுதிவைத்து ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். "அண்மைப் பதிப்பு" என்ற முகவரியை பில்டில் வைப்பது, என்ன சமையல் என்றே தெரியாமல் விருந்தாளிகளை அழைப்பது போல.

வென்வ் ஒன்றை உருவாக்கி அதை அப்படியே ஜிப் செய்து அனுப்பும் குறுக்குவழி அடிக்கடி கண்ணில் படுகிறது. வென்வ் இடம்மாற்றிக் கொண்டுபோகக்கூடியதல்ல. அதன் அமைப்புக் கோப்பிலும் ஸ்கிரிப்டுகளின் முதல் வரியிலும் உங்கள் பில்ட் கணினியின் முழுப் பாதை பதிந்திருக்கும். விண்டோஸில் வென்வின் பைதான் எக்ஸ்இ உண்மையான பைதானும் அல்ல, இன்னொன்றைக் கிளப்பிவிடும் இடைத்தரகர். 

படி 3: ஃபோல்டர் அமைப்பு

டூலின் நிறுவல் ஃபோல்டருக்குள் 'ரன்டைம்' என்று ஒன்று. அதற்குள் '3.12.10-1' போலப் பதிப்பு எண்ணோடு ஒன்று, பைதான் அதற்குள். கடைசியில் இருக்கும் 1, உங்கள் சொந்த பில்ட் எண்: பைதான் மாறாமல் நீங்கள் ஒரு பேக்கேஜை மட்டும் மாற்றினால் 2 ஆகும். எண் இல்லாத ஃபோல்டரில் வைத்தால் விண்டோஸில் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஎல்எல்லின்மேல் எழுத முடியாது. புதியதைப் பக்கத்தில் விரித்து, எது நடப்பு என்று சொல்லும் ஒரு சின்னக் கோப்பை மாற்றி, பழையதை அடுத்த தொடக்கத்தில் அழிப்பதே வழி.

பேக் செய்யும்போது இரண்டு சிக்கல்கள். லினக்ஸ், மேக் பில்டுகளில் பைதான்3 என்பது ஒரு சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் குறி). சில ஜிப் கருவிகள் அதை வெறும் உரைக்கோப்பாக்கிவிடும், எனவே டார் பயன்படுத்துங்கள். அடுத்தது, லிப் ஃபோல்டருக்குள் 'லிப்-டைன்லோட்' என்ற ஃபோல்டர் சில பில்டுகளில் காலியாக இருக்கும். காலிதானே என்று இன்ஸ்டாலர் விட்டுவிட்டால், தொடங்கும்போதெல்லாம் "இயங்குதளம் சார்ந்த லைப்ரரிகளைக் காணவில்லை" என்று பைதான் புலம்பும். பைதான் தன் வீட்டைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. உள்ளே ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டுவையுங்கள்.

படி 4: விண்டோஸ் ஜிப்பின் பிடிஎச் கோப்பு

எம்பெடபிள் ஜிப்பில் 'பைதான்312' என்ற பெயரோடு, புள்ளி, அடிக்கோடு, பிடிஎச் என்று முடியும் ஒரு சின்ன உரைக்கோப்பு இருக்கும். இந்த ஜிப்பின் நடத்தை முழுக்க அதன் கையில். அது இருக்கும்வரை பைதான் தனிமை நிலையில் ஓடும்: ரெஜிஸ்ட்ரியைப் பார்க்காது, பைதான்பாத் முதலிய சூழல் மாறிகளை மதிக்காது, 'சைட்' மாட்யூலையும் ஏற்றாது. தேடுபாதை என்பது அந்தக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதியிருப்பது மட்டுமே.

முதலில் வரும் குழப்பம், பேக்கேஜை லிப்-க்குள், பேக்கேஜ்களுக்கான ஃபோல்டரான சைட்-பேக்கேஜஸில் போட்டும் இம்போர்ட் ஆகாது. அந்தப் பாதையைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். பாதைகள் அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்தவை. சேர்த்த பிறகும் பைவின்32 போன்றவை வேலை செய்யாது. அவை சைட்-பேக்கேஜஸில் போட்டுவைக்கும் பிடிஎச் கோப்புகளைப் படிப்பது சைட் மாட்யூலின் வேலை. அதற்கு, கடைசியில் கருத்துரையாகக் கிடக்கும் 'இம்போர்ட் சைட்' வரியின் முன்னாலுள்ள எண்குறியை நீக்குங்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அடிக்கோடு உள்ள பிடிஎச்சும் இல்லாத பிடிஎச்சும் வெவ்வேறு வேலை செய்பவை. பாதி நாள் இந்த ஓர் எழுத்தில் தொலையும்.

படி 5: கொழுப்பைக் குறைத்தல், பைட்கோட்

ஸ்டாண்டலோன் பில்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக்கூடியவை: இருந்தால் 'டெஸ்ட்' ஃபோல்டர், ஐடில்லிப், டர்டில்டெமோ, என்ஷூர்பிப், டூலே ஜன்னல் வரையும் என்றால் டிகின்டரும் டிசிஎல், டிகே லைப்ரரிகளும். ஹெடர் கோப்புகளும் வேண்டாம், பயனர் அங்கே சி எக்ஸ்டென்ஷன் கம்பைல் செய்யப்போவதில்லை. அதற்குமேல் மாட்யூல் மாட்யூலாகப் பொறுக்கி எடுக்காதீர்கள். ஒரு எம்பி மிச்சம் பிடிக்கப்போய், யாரோ ஒருவரின் செருகுநிரல் 'எக்ஸ்எம்எல்' இல்லை என்று நிற்கும்.

பைட்கோட் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. பைதான் ஒரு பிஒய் கோப்பை இம்போர்ட் செய்யும்போது அதற்கான பைட்கோட் கோப்பான பிஒய்சி-யின் தலைப்பில் பதிந்திருக்கும் நேரமுத்திரையையும் அளவையும் மூலக்கோப்போடு ஒப்பிடும். பல இன்ஸ்டாலர்கள் கோப்புகளின் நேரத்தை மாற்றிவிடும். உடனே எல்லா பிஒய்சியும் பழையது என்று கருதப்படும், பைதான் மறுபடி கம்பைல் செய்து எழுதப் பார்க்கும், புரோகிராம் ஃபைல்ஸில் எழுத உரிமை இல்லாததால் சத்தமில்லாமல் தோற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு தொடக்கமும் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். மேக்கில் நிலைமை இன்னும் மோசம்: எழுத முடிந்துவிட்டால் ஆப்பின் கையொப்ப முத்திரை உடையும்.

தீர்வு, பில்டின்போதே கம்பைல்ஆல் மாட்யூலை ஓட்டி, செல்லுபடி முறையாக 'அன்செக்ட்-ஹாஷ்' கொடுப்பது. 3.7 முதல் இது உண்டு. நேரத்தையும் பார்க்காது, மூலத்தையும் பார்க்காது. பக்கவிளைவு ஒன்று: பயனர் கணினியில் யாராவது பிஒய் கோப்பைத் திருத்திப் பார்த்தால் அது எடுபடாது. இதைச் சப்போர்ட் குழுவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

'பைகேஷ்-பிரிஃபிக்ஸ்' என்ற எக்ஸ் ஆப்ஷனால் பிஒய்சியை எல்லாம் பயனரின் கேஷ் ஃபோல்டருக்குத் திருப்பலாம் என்பது பலருக்குத் தெரியும். அதைக் கொடுத்துவிட்டால் மூல ஃபோல்டரில் இருக்கும் பைகேஷ் ஃபோல்டரை (பிஒய்சி இருக்கும் இடம்) பைதான் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது அவ்வளவாகத் தெரியாது. நீங்கள் கஷ்டப்பட்டு முன்கூட்டிக் கம்பைல் செய்ததெல்லாம் வீண். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: கதவை அடைத்தல்

இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். பொதுவாகச் செய்வது, டூல் தொடங்கும்போது பைதான்ஹோம், பைதான்பாத் என்ற சூழல் மாறிகளைத் தன் பிராசஸில் அமைத்துவிட்டுப் பைதானைக் கூப்பிடுவது. வேலை செய்யும். பிறகு பயனர் உங்கள் டூலுக்குள்ளேயே டெர்மினலைத் திறந்து தன் சொந்தப் பைதானை ஓட்டுவார். அது 3.11, ஆனால் பைதான்ஹோம் உங்கள் 3.12-ஐக் காட்டும். சூழல் மாறிகள் பிள்ளை பிராசஸ்களுக்குச் சொத்துப்போல இறங்கும். "என்கோடிங்ஸ் என்ற மாட்யூல் இல்லை" என்று பைதான் தொடங்கும்போதே சாவது பெரும்பாலும் இப்படித்தான். லினக்ஸில் எல்டி-லைப்ரரி-பாத்தை அமைத்தாலும் இதே கதை. ஸ்கிரிப்ட் கூப்பிடும் கிட், கர்ல் கட்டளைகளும் உங்கள் ஓபன்எஸ்எஸ்எல்லை எடுத்துக்கொண்டு, பதிப்பு பொருந்தாமல் விழும். பகிர்வு லைப்ரரிகள் தேவையென்றால் பைனரியின் ஆர்பாத்தில் (லைப்ரரிகளைத் தேடும் பாதை) 'ஆரிஜின்' என்று எழுதுங்கள்.

எனவே சூழல் மாறிகளே வேண்டாம். எல்லாவற்றையும் கட்டளை ஆப்ஷன்களாகக் கொடுங்கள், அவை அந்த ஒரு பிராசஸோடு முடிந்துவிடும். ஓட்டும் வரி இப்படி இருக்கும்:

பைதான் -ஐ -பி -யூ -எக்ஸ் யூடிஎஃப்8 -எம் டூல்ஹோஸ்ட்

இதில் ஐ, பி, எக்ஸ் ஆகியவை ஆங்கிலப் பெரிய எழுத்துகள். டூல்ஹோஸ்ட் என்பது டூலோடு பேசும் உங்கள் பைதான் நிரல்.

ஐ என்பது தனிமை நிலை. பைதான் என்று தொடங்கும் சூழல் மாறிகள் அனைத்தும், பயனரின் தனிப்பட்ட சைட்-பேக்கேஜஸும், நடப்பு ஃபோல்டரும் ஒதுக்கப்படும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். பயனர் திறந்திருக்கும் புராஜெக்டில் 'ஜேசன்' என்றோ 'லாகிங்' என்றோ ஒரு கோப்பு இருந்தால், ஐ இல்லாதபோது உங்கள் ஹோஸ்ட் அதைத்தான் இம்போர்ட் செய்யும். இதன் மறுபக்கமாக, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரும் தேடுபாதையில் சேராது. அதனால் ஹோஸ்டை ஒரு பேக்கேஜாக சைட்-பேக்கேஜஸில் வைத்து, எம் மூலம் ஓட்டுகிறோம்.

பி என்றால் பிஒய்சி எழுதாதே. யூ என்றால் வெளியீட்டைத் தேக்கிவைக்காதே. யூடிஎஃப்8 ஏன் என்று அடுத்த படியில். இவற்றுக்கெல்லாம் சூழல் மாறி வடிவமும் உண்டு, ஆனால் ஐ கொடுத்த கணமே அவை செல்லாக்காசு. பைதான்யூடிஎஃப்8 = 1 என்று அமைத்துவிட்டு ஐ-யும் கொடுத்து, ஏன் எடுபடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

டூலின் செட்டிங்ஸில் "டூலின் பைதான்", "புராஜெக்டின் பைதான்" என்ற இரண்டையும் ஒருபோதும் ஒரே இடத்தில் கலக்காதீர்கள். பயனரின் நிரலை ஓட்டுவது அவருடைய பைதான். உங்களுடையதை பாத்-இல் சேர்ப்பதும் கூடாது.

படி 7: பைப்பில் என்ன ஓடுகிறது

விண்டோஸில் பைதானின் வெளியீடு பைப்புக்குப் போனால் அது கணினியின் பழைய குறிப்பக்கத்தில் (எழுத்துக் குறியீட்டு அட்டவணையில்) எழுதும். இந்தியாவில் வாங்கிய பெரும்பாலான கணினிகளில் அது 1252. 'கணக்கு' என்ற பெயரில் ஃபோல்டர் வைத்திருப்பவர் டூலைத் திறந்ததும் யூனிகோட் என்கோட் பிழை. யூடிஎஃப்8 நிலை இதைச் சரிசெய்கிறது. ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் சோதித்தால் இந்தப் பிழை உங்கள் கண்ணில் படவே படாது.

அடுத்தது வரிமுடிவு. விண்டோஸில் உரை அடுக்கு ஒவ்வொரு புதுவரிக் குறியையும் இரண்டு பைட்டாக மாற்றும். செய்தியின் நீளத்தை முன்கூட்டி அனுப்பும் நெறிமுறை என்றால் கணக்கு தவறிவிடும். நெறிமுறைக்கு எப்போதும் உரை அடுக்கைத் தாண்டி, அடியிலுள்ள பஃபரில் பைட்டுகளாகவே எழுதுங்கள்.

மூன்றாவது, செருகுநிரல் எழுதுபவர் போடும் பிரிண்ட். டிபக் செய்ய ஒரு வரி பிரிண்ட் போட்டதும் அது உங்கள் ஜேசனுக்கு நடுவே விழும். 'சிஸ் டாட் எஸ்டிடிஅவுட்டை' மாற்றிவைத்தால் பாதிதான் தீரும், சி லைப்ரரிகள் நேராக 1-ஆம் எண் விவரிப்பானில் (0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைவெளியீடு) எழுதுபவை. ஹோஸ்ட் தொடங்கியவுடன், வேறெதையும் இம்போர்ட் செய்வதற்கு முன், 1-ஐ ஒரு புது எண்ணுக்கு நகலெடுத்து நெறிமுறைக்கு ஒதுக்குங்கள். பிறகு 2-ஐ 1-இன்மேல் நகலெடுங்கள். இனி யார் என்ன பிரிண்ட் செய்தாலும் லாகுக்குப் போகும். உள்ளீட்டுக்கும் அப்படியே: 0-ஐ நகலெடுத்துவிட்டு அந்த இடத்தில் வெற்றுச் சாதனத்தை வையுங்கள். செய்யாவிட்டால் ஸ்கிரிப்ட் கூப்பிட்ட ஏதாவதொரு கட்டளை, உள்ளீட்டைப் படிக்கப்போய் உங்கள் நெறிமுறைப் பைட்டுகளைக் குடித்துவிடும்.

டூலின் பக்கத்தில், எஸ்டிடிஎர்ரைத் தனி திரெடில் தொடர்ந்து படியுங்கள். லினக்ஸில் பைப்பின் இயல்பான கொள்ளளவு 64 கேபி. யாரும் படிக்காமல் அது நிறைந்தால், அடுத்த எச்சரிக்கை வரியை எழுதும் இடத்தில் பைதான் அப்படியே உறைந்துவிடும். "அரைமணி நேரம் நன்றாக ஓடி, பிறகு தொங்குகிறது" என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

டூல் செயலிழந்தால் பைதான் அநாதையாக நிற்கக்கூடாது. உள்ளீட்டில் முடிவுக்குறி வந்ததும் ஹோஸ்ட் வெளியேறட்டும். அதோடு விண்டோஸில் ஜாப் ஆப்ஜெக்டில் 'மூடும்போது கொல்' குறியோடு பைதானைச் சேருங்கள். லினக்ஸில் பெற்றோர் இறந்தால் சிக்னல் வரும்படி பிஆர்சிடிஎல் என்ற கணினி அழைப்பு உண்டு. விண்டோஸில் கறுப்பு ஜன்னல் கண்சிமிட்டுவதைத் தவிர்க்க, பிராசஸை உருவாக்கும்போது 'கிரியேட்-நோ-விண்டோ' குறியைக் கொடுத்தால் போதும்.

படி 8: பேக்கேஜ்கள்

நீங்கள் சேர்த்து அனுப்புபவற்றை பில்டின்போதே இறக்குங்கள். பிப்பில் இலக்கு ஃபோல்டர், இயங்குதளம், பைதான் பதிப்பு மூன்றையும் குறிப்பிட்டு, 'பைனரி மட்டும்' என்றும் சொன்னால் லினக்ஸ் கணினியிலிருந்தே விண்டோஸ் வீல்களை எடுக்கலாம். ஹாஷ் கட்டாயம் என்ற ஆப்ஷனையும் போடுங்கள்.

பயனர் நிறுவும் செருகுநிரல்களுக்கு நிறுவல் ஃபோல்டரில் இடமே இல்லை. அவை பயனரின் தரவு ஃபோல்டரில், '312' போலப் பதிப்பு எண்ணுள்ள துணை ஃபோல்டரில் இருக்கட்டும், ஹோஸ்ட் அதைத் தேடுபாதையின் கடைசியில் சேர்க்கட்டும். 3.12-க்குக் கம்பைல் ஆன எக்ஸ்டென்ஷன், பல பதிப்புகளுக்கும் பொருந்தும் ஏபிஐ3 வகையாக இல்லாவிட்டால் 3.13-இல் ஓடாது. பதிப்பெண் ஃபோல்டர் இல்லையென்றால் நீங்கள் பைதானை உயர்த்தும் நாளில் எல்லாருடைய செருகுநிரலும் ஒரேயடியாக விழும். பி ஆப்ஷன் இருப்பதால் இவை தானாகக் கம்பைல் ஆகாது, நிறுவும்போதே கம்பைல்ஆல் ஓட்டிவிடுங்கள்.

படி 9: மேக் கையொப்பம்

2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து, ஆப் ஸ்டோருக்கு வெளியே தரும் ஆப்புக்கு, ஆப்பிளின் சரிபார்ப்பான நோட்டரைசேஷன் வேண்டும். பைதானுக்குள் இருக்கும் ஒவ்வொரு எஸ்ஓ, டைலிப் (பகிர்வு லைப்ரரிகள்), பைனரிக்கும் நேரமுத்திரையோடு கையொப்பமும், ஓடும் பைனரிகளுக்கு ஹார்டண்ட் ரன்டைம் என்ற பாதுகாப்பு நிலையும் இருந்தால்தான் தேறும்.

ரன்டைமை ஆப்பின் ரிசோர்சஸ் ஃபோல்டரில் வையுங்கள். ஃபிரேம்வொர்க்ஸில் வைத்தால் 'பைதான்3.12' என்ற பெயரில் இருக்கும் புள்ளியைப் பார்த்துக் கையொப்பக் கருவியான கோட்சைன் அதை ஒரு பண்டில் என்று எண்ணி, வடிவம் புரியவில்லை என்று நிற்கும். ரிசோர்சஸில் உள்ள பைனரிகளை 'டீப்' ஆப்ஷன் தேடிப் போகாது. நீங்களே ஒரு லூப் எழுதி, உள்ளிருந்து வெளியாகக் கையொப்பமிடுங்கள்: முதலில் எஸ்ஓ-வும் டைலிப்பும், பிறகு பைதான் பைனரி, கடைசியில் ஆப். கையொப்பத்துக்குப் பிறகு இன்ஸ்டால்-நேம்-டூலால் எதையாவது தொட்டால் அந்தக் கையொப்பம் செல்லாது. ஆப்பிள் சிலிக்கானில் அப்படிப்பட்ட பைனரியைக் கெர்னல் தொடங்கும்போதே கொன்றுவிடும், திரையில் 'கில்ட்: 9' மட்டும் தெரியும்.

பயனர் நிறுவும் வீல்களில் உங்கள் கையொப்பம் இருக்காது. அவற்றை ஏற்ற 'டிசேபிள்-லைப்ரரி-வேலிடேஷன்' என்ற என்டைட்டில்மென்ட் (கையொப்பத்தில் சேரும் உரிமைக்குறிப்பு) வேண்டும். அதைப் பைதான் பைனரிக்குக் கொடுங்கள். முதன்மை ஆப்புக்குக் கொடுத்தால் பயனில்லை, அது ஒவ்வொரு பிராசஸின் எக்ஸிக்யூட்டபிளுக்கும் தனித்தனி. தனிப் பிராசஸ் வழியின் இன்னொரு லாபம் இது, உங்கள் முதன்மை ஆப்பின் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டியதில்லை.

படி 10: சான்றிதழ்களும் உரிமங்களும்

கூட அனுப்பும் ஓபன்எஸ்எஸ்எல், மேக்கின் கீசெயினைப் பார்க்காது. லினக்ஸிலோ டெபியன் ஒரு பாதையில் சான்றிதழ் வைக்கும், ரெட்ஹாட் இன்னொன்றில். சான்றிதழ்த் தொகுப்பான செர்டிஃபை சேர்த்தால் வீட்டு இணையத்தில் ஓடும். ஆனால் சொந்தச் சான்றிதழோடு பிராக்ஸி வைத்திருக்கும் அலுவலக வலையில் தோற்கும். இயங்குதளத்தின் சான்றிதழ்க் கிடங்கையே பயன்படுத்தும் 'டிரஸ்ட்ஸ்டோர்' பேக்கேஜ் இரண்டுக்கும் பொருந்தும், பைதான் 3.10-உம் அதற்கு மேலும் வேண்டும். பிப் 24.2 முதல் இதைத்தான் இயல்பாக எடுத்துக்கொள்கிறது.

உரிமம் எளிது: பைதானின் உரிமக் கோப்பையும் ஓபன்எஸ்எஸ்எல், லிப்எஃப்எஃப்ஐ முதலியவற்றின் உரிமங்களையும் சேர்த்து அனுப்புங்கள். நீங்களே லினக்ஸில் கம்பைல் செய்தால் மட்டும் ரீட்லைனைக் கவனியுங்கள். அது, மூலநிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமம் கொண்டது. மூடிய டூலோடு அனுப்ப லிப்எடிட்டோடு இணையுங்கள்.

படி 11: வெளியிடும் முன்

பைதானே நிறுவாத ஒரு சுத்தமான மெய்நிகர்க் கணினியும், பைதான் மூன்று பதிப்பு குவிந்து கிடக்கும் ஒன்றும் வேண்டும். இரண்டாவதில்தான் பிழைகள் கிடைக்கும். அங்கே பைதான்ஹோமை இல்லாத ஃபோல்டருக்கு அமையுங்கள். பைதான்பாத்தில் 'ஜேசன்' என்ற பெயரில், இம்போர்ட் செய்தவுடன் பிழை எறியும் கோப்பு ஒன்றை வையுங்கள். பயனரின் சைட்-பேக்கேஜஸில் 'யூசர்கஸ்டமைஸ்' (பைதான் தொடங்கும்போது தானாக ஓடும் கோப்பு) ஒன்று. டூலை இடைவெளியும் தமிழெழுத்தும் கலந்த பாதையில் நிறுவுங்கள். விண்டோஸின் 260 எழுத்து வரம்பை நெருங்கும் ஆழத்தில் ஒருமுறை. நிறுவல் ஃபோல்டரை எழுத முடியாததாக்கி ஒருமுறை.

பிறகு டூலுக்குள் டெர்மினலைத் திறந்து, சூழல் மாறிகளைப் பட்டியலிட்டு, அதே பட்டியலை வெளியே திறந்த டெர்மினலோடு ஒப்பிடுங்கள். உங்கள் ரன்டைமின் பாதை அதில் ஒரு வரியில் தென்பட்டாலும் 6-ஆம் படிக்குத் திரும்புங்கள். மேக்கில், டூலை ஒருநாள் முழுக்கப் பயன்படுத்திய பிறகு கோட்சைனின் சரிபார்ப்பை மறுபடி ஓட்டுங்கள். நிறுவிய அன்று தேறி மறுநாள் தேறாவிட்டால், ஆப்புக்குள் எங்கோ ஒரு பைகேஷ் ஃபோல்டர் முளைத்திருக்கும்.